பெரிய முயலும் சின்ன முயலும் ஒரே வீட்டில்!

குழந்தைகளுக்கு முயல் என்றால் கொள்ளை ஆசை. முதலில் ஒன்று வாங்குகிறோம். பிறகு, 'அதுக்குத் துணை வேணாமா அம்மா?' என்று இன்னொன்றும் வந்துவிடும். அடுத்தடுத்த மாதங்களில் ஒன்று நாலு கிலோவுக்குக் கொழுகொழுவென்று வளர்ந்து நிற்கும். மற்றது குள்ள ஜாதியாக இருந்தால் ஒரு கிலோவோடு நின்றுவிடும். இவை ரெண்டையும் ஒன்றாக வளர்க்கலாமா? தாராளமாக வளர்க்கலாம். ஆனால் சின்னதின் உயிர் நம் கவனத்தில்தான் இருக்கிறது.

முயல் சாதுதான். ஆனாலும், 'இது என் இடம்' என்று வந்துவிட்டால் துரத்தும், கடிக்கும், பின்னங்காலால் உதைக்கும். முயலின் எலும்பு மிகவும் லேசானது. பெரிய முயல் விட்ட உதையில் சின்னதின் முதுகெலும்பே முறிந்து போகலாம். குட்டிகளாக இருக்கும்போது ஒற்றுமையாக விளையாடியதை நம்பி இருந்துவிடாதீர்கள். மூன்று, நாலு மாசத்தில் பருவம் வந்ததும் குணம் மாறிவிடும்.

ஆணும் பெண்ணுமாக இருந்தால் இன்னொரு கவலை. முயலின் கர்ப்பம் ஏறக்குறைய 31 நாள்தான். குட்டி போட்ட அன்றே மறுபடி சினையாகிவிடும். பெரிய ஆணிடம் சின்னப் பெண் சினையானால், குட்டிகள் பெரிதாகிப் பிரசவம் சிக்கலாகலாம். முயல் பார்த்துப் பழக்கமுள்ள கால்நடை டாக்டரிடம் ரெண்டுக்குமே கருத்தடை ஆபரேஷன் செய்துவிடுவது நல்லது. ஆணுக்கு ஆபரேஷன் ஆனபிறகும் ஆறு வாரம் தனியாகவே வையுங்கள். சண்டையும் குறையும்.

எடுத்த எடுப்பில் ஒரே கூண்டில் விட வேண்டாம். முதல் ரெண்டு வாரம் பக்கத்துப் பக்கத்துக் கூண்டில், நடுவே நாலு விரற்கடை இடைவெளி விட்டு வையுங்கள். வாசனை பழகட்டும். பிறகு ரெண்டுமே இதுவரை புழங்காத ஓர் இடத்தில், தினமும் பத்து நிமிஷம் உங்கள் கண் எதிரே விடுங்கள். லேசாகத் துரத்தினால் பரவாயில்லை. ரோமம் பறக்கிற மாதிரி கடித்துப் புரண்டால் நடுவே ஒரு முறத்தை நுழைத்துப் பிரித்துவிடுங்கள். வெறுங்கையை நீட்டினால் கடி உங்களுக்குத்தான்! ஒன்றை ஒன்று நக்கிக் கொடுத்து, பக்கத்தில் படுத்துக்கொண்டால் பழகிவிட்டன என்று அர்த்தம்.

சேர்ந்து இருக்கும் இடம் தாராளமாக இருக்கட்டும். அதில் ஒரு மரப்பெட்டி வைத்து, சின்னது மட்டும் நுழைகிற அளவில் துவாரம் போடுங்கள். துவாரம் ரெண்டு வேண்டும். ஒன்றே இருந்தால், பெரியது வாசலில் உட்கார்ந்துகொள்ளும், சின்னது உள்ளேயே மாட்டிக்கொள்ளும். தண்ணீர்க் கிண்ணமும் தீனித் தட்டும் ரெண்டு ரெண்டாகத் தள்ளித் தள்ளி வையுங்கள். அறுகம்புல்லைப் பொதுவாகப் போடலாம். கடைத்தீனியை மட்டும் தனித்தனியே கொடுங்கள். இல்லாவிட்டால் சின்னதின் பங்கும் பெரியதின் வயிற்றுக்குள் போய்விடும்!

காலையிலிருந்து சாயங்காலம் வரை சின்னது ஒன்றும் தின்னாமல், புழுக்கையும் போடாமல் மூலையில் ஒடுங்கியிருந்தால் அன்றைக்கே டாக்டரிடம் காட்டுங்கள். மறுநாள் பார்க்கலாம் என்று தள்ளிப் போடக் கூடாது. தூக்கும்போது காதைப் பிடிக்காமல், மார்புக்கும் பின்புறத்துக்கும் கை கொடுத்துத் தூக்கக் குழந்தைகளுக்குச் சொல்லிக் கொடுங்கள்.

என்ன செய்தும் ஒத்துப்போகாத ஜோடியும் உண்டு. வற்புறுத்தாதீர்கள். பக்கத்துக் கூண்டில் ஒன்றை ஒன்று பார்த்துக்கொண்டு இருந்தாலும் துணை துணைதான்.