கிளிங்கர்: சூளையில் பிறந்த சொல்

அரியலூர் மாவட்டம், செந்துறைப் பக்கம் இருக்கும் ஆலத்தியூரில் கிளிங்கர் என்ற சொல்லை யாருக்கும் விளக்க வேண்டியதில்லை. 1997-ல் அங்கே மெட்ராஸ் சிமெண்ட்ஸ் ஆலை வந்தது. இன்று அதன் பெயர் ராம்கோ சிமெண்ட்ஸ். லாரி ஓட்டுகிறவர், ஒப்பந்த வேலைக்குப் போகிறவர், ஆலைக்கு எதிரே டீ ஆற்றுகிறவர் எல்லோரும் “கிளிங்கர் லோடு” என்று சர்வ சாதாரணமாகச் சொல்வார்கள். அதே சொல்லை ஆங்கில அகராதியில் தேடிப் பார்த்தால் கொஞ்சம் தலை சுற்றும். சூளைச் செங்கல், கரியடுப்புக் கசடு, எரிமலைக் கல், ஒரு வகைப் படகு, பாட்டில் தப்பிய சுரம், ஓடாத சினிமா என்று அத்தனைக்கும் அந்த ஒரே சொல்தான்.

முதலில் ஆலையில் இருக்கும் கிளிங்கரைப் பார்த்துவிடுவோம். சுண்ணாம்புக்கல்லோடு களிமண்ணும் கொஞ்சம் இரும்புத் தாதும் சேர்த்து மாவாக அரைத்து, படுக்கவைத்த நிலையில் மெதுவாகச் சுழலும் நீண்ட உருளைச் சூளைக்குள் விடுகிறார்கள். உள்ளே சுமார் 1,450 டிகிரி செல்சியஸ் சூடு. அந்தச் சூட்டில் மாவு பாதி உருகி, உருண்டு உருண்டு கட்டியாகி, மறுமுனையில் வந்து விழுகிறது. பெரும்பாலும் கோலிக்குண்டு அளவு, கரும்பச்சை கலந்த சாம்பல் நிறம், தொட்டால் சொரசொரப்பு. அதுதான் கிளிங்கர். சிமெண்டின் உயிர் அதில்தான் இருக்கிறது. ஆனால் கட்டியாக இருக்கும்வரை அது கிட்டத்தட்ட வெறும் கல். தண்ணீர் ஊற்றினாலும் பெரிதாக ஒன்றும் நடக்காது. பொடியாக அரைத்தால்தான் வேலை செய்யும். அப்படி அரைக்கும்போது கொஞ்சம் ஜிப்சம் சேர்க்காவிட்டால், தண்ணீர் பட்ட சில நிமிடங்களிலேயே இறுகிவிடும், கொத்தனார் கரண்டியை எடுப்பதற்குள் கலவை பாறையாகியிருக்கும். ஜிப்சம் அந்த அவசரத்தைத் தடுக்கிறது. பெரம்பலூர் மாவட்டம் காரையில் செம்மண் ஓடைகளுக்கு நடுவே பளபளவென்று தகடு தகடாகக் கிடப்பதும் இந்த ஜிப்சம்தான்.

சுண்ணாம்புக்கல்லும் இந்த ஊர்ச் சரக்கே. ஏறத்தாழ 7 கோடி ஆண்டுகளுக்கு முன்பு அரியலூர்ப் பகுதி கடலடியில் கிடந்தது. கல்லங்குறிச்சிச் சுரங்கத்தில் வெட்டி எடுக்கும் கல்லை உற்றுப் பார்த்தால், உள்ளங்கை அளவுக்குக் கனத்த சிப்பிகள் அப்படியே பதிந்திருக்கும். இங்கே கிளிங்கராகிற கல்லில் பெரும்பங்கு ஒரு காலத்துச் சிப்பிகளின் ஓடு.

இனி சொல்லுக்கு வருவோம். அது ஆங்கிலத்தில் பிறந்ததல்ல, டச்சு மொழியிலிருந்து வந்தது. ‘கிளிங்கன்’ என்றால் டச்சில் கணீரென்று ஒலிப்பது. மிகுந்த சூட்டில் சுட்ட கெட்டிச் செங்கல் ஒன்றை இன்னொன்றோடு தட்டினால் உலோகம் போல ஒலிக்கும் என்பதால், அந்தக் கல்லுக்கு அங்கே அந்தப் பெயர். நம் ஊர்க் கொத்தனாரும் லோடு இறங்கியதும் இரண்டு கல்லை எடுத்துத் தட்டிப் பார்க்கிறார். கணீரென்றால் நன்றாக வெந்த கல்; மந்தமாகக் கேட்டால் வேகாத கல். டச்சுக்காரர்கள் அந்தச் சோதனையையே கல்லுக்குப் பெயராக வைத்துவிட்டார்கள். தெருக்களுக்குக் கூட அதைத்தான் பாவினார்கள். 17ஆம் நூற்றாண்டின் நடுவில் சொல் ஆங்கிலத்துக்குள் நுழைந்தது. இன்னொரு சங்கதி: டச்சு மொழியில் ‘கிளிங்கர்’ என்றால் உயிரெழுத்து என்றும் பொருள். தானாக ஒலிக்கும் எழுத்து அல்லவா!

இந்தச் செங்கல் பொருள் இன்னும் சாகவில்லை. ஜெர்மனியின் ஹாம்பர்க் நகரில் 1924-ல் கட்டி முடித்த சிலிஹவுஸ் என்ற பெரிய கட்டடம், கப்பலின் முன்முனை போல ஒரு மூலை கூர்மையாக நீண்டிருக்கும். கருஞ்சிவப்புக் கிளிங்கர் செங்கல் ஏறத்தாழ 48 லட்சம் அதில் இருக்கிறது. 2015-ல் அது யுனெஸ்கோ பட்டியலிலும் ஏறியது.

நன்றாக வெந்த கல்லுக்கு வந்த பெயர், அளவுக்கு மீறி வெந்து உருகி ஒட்டிக்கொண்ட கல்லுக்கும் பரவியது. நம் சூளைகளில் அதைச் சிட்டக்கல் என்பார்கள். அங்கிருந்து நிலக்கரி அடுப்புக்குத் தாவியது. கரியில் இருக்கும் சாம்பல் உருகிக் கெட்டியாகி அடுப்பின் கம்பிச் சட்டத்தை அடைத்துக்கொள்ளும். நீராவி ரயில் எஞ்சினில் கரி தள்ளுகிறவருக்கு அதை நீண்ட கம்பியால் குத்தி எடுப்பது தீராத தொல்லை. அந்தக் கசடும் கிளிங்கர்தான். இரும்பு உருக்கிய இடத்தில் கிடப்பதை நாம் சிட்டம் என்கிறோமே, கிட்டத்தட்ட அந்தப் பொருள். ஹவாய்த் தீவின் எரிமலைக் குழம்பு சில இடங்களில் சொரசொரப்பான கட்டிகளாக உடைந்து உறைகிறது. அதைப் பார்த்தவர்களுக்கு அடுப்புக் கசடு நினைவுக்கு வந்திருக்கிறது, அதற்கும் அதே பெயரை வைத்துவிட்டார்கள்.

இப்படி மெச்சிக்கொள்ளும் பெயராகத் தொடங்கிய சொல் குப்பையின் பெயராகிவிட்ட சமயத்தில்தான் சிமெண்டு குறுக்கே வருகிறது. என்னைக் கேட்டால் இந்தக் கதையின் நல்ல பகுதி இதுதான். 1824 அக்டோபர் 21 அன்று இங்கிலாந்தின் லீட்ஸ் நகரத்துக் கொத்தனார் ஜோசப் ஆஸ்ப்டின் ‘போர்ட்லண்டு சிமெண்டு’க்குக் காப்புரிமை பெற்றார். போர்ட்லண்டுத் தீவில் வெட்டும் உயர்ந்த கட்டடக் கல் போல இருக்கும் என்பதால் அந்தப் பெயர். ஆனால் அவர் சுட்ட சூடு இன்றைய அளவுக்குப் போகவில்லை. அந்தக் காலத்துச் சிமெண்டுச் சூளையில் ஏதாவது கட்டி மிகுதியாக வெந்து கறுத்துவிட்டால், அரைக்கச் சிரமம் என்று அதை ஒதுக்கி எறிவதுதான் வழக்கம். கென்ட் பகுதியில் ஒரு சிமெண்டு ஆலையில் மேலாளராக இருந்த ஐசக் சார்லஸ் ஜான்சன் 1840-களில் அந்தக் கழிவுக் கட்டியை அரைத்துப் பார்த்தார். மெதுவாக இறுகியது, இறுகிய பிறகோ மற்றதைவிட உறுதியாக நின்றது. ஜோசப்பின் மகன் வில்லியம் ஆஸ்ப்டினும் அதே சமயத்தில் அப்படிப்பட்ட சிமெண்டை விற்றுக்கொண்டிருந்தார், ஆனால் செய்முறையை மூடி மறைத்தார். யார் முந்தி என்ற சண்டை நீண்ட நாள் நடந்தது. ஜான்சன் நூறு வயது வாழ்ந்து 1911-ல் மறைந்தார், ஆகவே தன் பக்கத்தைச் சொல்ல அவருக்கு நிறைய நேரம் கிடைத்தது. எது எப்படியோ, எறிந்த கட்டிதான் அதன் பிறகு சரக்கு. பெயரை மட்டும் யாரும் மாற்றவில்லை.

படகு விஷயம் வேறு. வட ஐரோப்பாவில் பலகைகளை ஓட்டுக் கூரை போல ஒன்றின் விளிம்பு மேல் ஒன்றாக ஏற்றி, இரும்பு ஆணியால் அறைந்து படகு கட்டுவார்கள். அதற்கும் ஆங்கிலத்தில் கிளிங்கர் கட்டு என்று பெயர். இது செங்கல்லின் ஒலியிலிருந்து வந்ததல்ல. அடித்த ஆணியின் முனையை மறுபக்கம் மடக்கி இறுக்குவதைக் குறிக்கும் வேறொரு சொல்லிலிருந்து வந்தது. அகராதிகள் இரண்டையும் தனித்தனியாகவே வைக்கின்றன. தமிழில் நெசவாளர் சொல்லும் நூல் சிட்டமும் கொல்லர் சொல்லும் சிட்டமும் உச்சரிப்பில் ஒன்றாக இருப்பது போலத்தான். 1939-ல் இங்கிலாந்தின் சட்டன் ஹூவில் ஒரு பழங்காலக் கப்பலைத் தோண்டியபோது மரம் முழுக்க மக்கிப் போயிருந்தது. மணலில் வரிசை வரிசையாக நின்ற ஆணிகளை வைத்தே அதன் வடிவத்தைக் கண்டார்கள். நம் சோழமண்டலக் கரையிலோ ஆணியே இல்லாமல் வேலை நடந்தது. கட்டுமரம் கயிற்றால் கட்டியது. அலையில் சரக்கு ஏற்றி இறக்கிய மசூலா படகின் பலகைகள் கயிற்றால் தைத்தவை. விளிம்போடு விளிம்பு பொருந்தும், ஏறி நிற்காது. நம் கரையில் அந்தக் கிளிங்கருக்கு வேலை இருந்திருக்காது.

அமெரிக்கப் பேச்சில் கிளிங்கர் என்றால் பாடகர் தவறவிட்ட சுரம், அல்லது படுத்துவிட்ட படம். பிரிட்டனில் 19ஆம் நூற்றாண்டுப் பேச்சிலோ அதற்கு நேர்மாறாக, பிரமாதமான ஆள் அல்லது பொருள்.

இப்போது இந்தச் சொல் மிகுதியாகப் புழங்குவது சுற்றுச்சூழல் அறிக்கைகளில். காரணம் எளிய கணக்கு: சுத்தமான சுண்ணாம்புக்கல் 100 கிலோவைச் சுட்டால் 44 கிலோ கரியமில வாயுவாகப் போய்விடும், 56 கிலோதான் மிஞ்சும். எரிக்கும் கரியின் புகை இதற்கு மேல். எனவே மூட்டைக்குள் கிளிங்கர் எவ்வளவு குறைகிறதோ அவ்வளவு நல்லது என்று பார்க்கிறார்கள். கடையில் மூட்டையைத் திருப்பிப் பாருங்கள். ஓபிசி என்று இருந்தால் பெரும்பகுதி கிளிங்கர்தான். பிபிசி என்றால் அனல் மின் நிலையச் சாம்பல் 15 முதல் 35 சதவீதம் வரை சேர்ந்திருக்கும். வீடு கட்ட இன்று நம் பக்கம் பெரும்பாலும் வாங்குவது இதைத்தான். தரமும் குறைவில்லை, ஆனால் இறுகக் கொஞ்சம் கூடுதல் நாள் எடுக்கும், தண்ணீர் விட்டு ஆற்றுவதில் சுணங்கக் கூடாது. சென்னை ஐஐடியும் சேர்ந்து ஆராய்ந்த இன்னொரு கலவையில், சுட்ட களிமண்ணையும் சுடாத சுண்ணாம்புக்கல் பொடியையும் சேர்த்து, கிளிங்கரைப் பாதி அளவுக்குக் கொண்டுவந்திருக்கிறார்கள்.