சாலையோர வீட்டில் ஒரு சிறுமி

தென்கிழக்கு லண்டனில் வண்டிகள் ஓயாத சவுத் சர்க்குலர் சாலைக்குப் பக்கத்தில் வாழ்ந்தவள் எல்லா கிஸ்ஸி-டெப்ரா. கடும் ஆஸ்துமாவால் ஏறக்குறைய 30 முறை மருத்துவமனையில் சேர்க்கப்பட்டாள். 2013 பிப்ரவரியில், 9 வயதில் இறந்துபோனாள்.

தாய் ரோசமண்ட் விடவில்லை. மறுவிசாரணை கேட்டுப் போராடினார். 2020 டிசம்பரில், சாவுக்குக் காற்று மாசும் காரணம் என்று மரண விசாரணை அதிகாரி பதிவு செய்தார். பிரிட்டனில் அதுவே முதல் முறை.

புகையில் கண்ணுக்குத் தெரியும் கரியைவிடத் தெரியாததே கொடியது. தலைமுடித் தடிமனில் முப்பதில் ஒரு பங்கே இருக்கும் பிஎம் 2.5 துகள்கள், மூக்கின் முடிக்கும் சளிக்கும் சிக்காமல் நுரையீரலின் கடைசிக் காற்றறை வரை இறங்குகின்றன. மிக நுண்ணியவை ரத்தத்திலும் கலந்து மாரடைப்பு, பக்கவாதத்துக்கு வழி செய்கின்றன.

காற்றில் பிஎம் 2.5 துகள்களின் ஆண்டுச் சராசரி கன மீட்டருக்கு 5 மைக்ரோகிராமைத் தாண்டக் கூடாது என்கிறது உலக சுகாதார நிறுவனம். டெல்லி மக்கள் சுவாசிப்பது அதைப்போல் பல மடங்கு.