வெட்கப்பட நேரமில்லை

குடும்பங்கள் படிக்கும் சங்க மலரில் இதை எழுதலாமா என்று சிலர் முகம் சுளிக்கலாம். எழுதத்தான் வேண்டும். நாக்பூரில் டாக்டராக இருக்கும் நான் பார்த்தவரை, இந்த நோயாளிகள் தாமதமாக வருவதற்கு முதல் காரணமே வெட்கம்தான்.

எந்த ஆசையும் இல்லாமல் ஆண்குறி விறைத்து, மணிக்கணக்கில் தளராமல் வலிப்பதற்குப் பிரியாபிஸம் என்று பெயர். உள்ளே போன ரத்தம் வெளியேற வழியின்றித் தேங்கி, பிராணவாயு கிடைக்காமல் தசைகள் கெடத் தொடங்கும். நான்கு மணி நேரம்தான் கெடு. ஒரு நாளுக்கு மேல் போனால் பிற்கால இல்லற வாழ்க்கையே பாதிக்கப்படும் அபாயம் மிக அதிகம்.

இது பெரியவர்கள் சமாச்சாரம் மட்டுமல்ல. விதர்பா, சத்தீஸ்கர் பக்கம் பரவலாக உள்ள சிக்கிள் செல் சோகை, சிறுவர்களுக்கும் இதைக் கொண்டுவரும். அரிவாள்போல் வளைந்த ரத்த அணுக்கள் மெல்லிய ரத்தக் குழாய்களை அடைத்துக்கொள்கின்றன. இந்தியாவில் இந்தச் சோகை 1952-ல் முதன்முதலாகக் கண்டறியப்பட்டது நம் நீலகிரி மலைவாழ் மக்களிடம்தான்! விடியற்காலையில் வந்து தானே அடங்கும் விறைப்பைப் பையன் அம்மாவிடம் சொல்லமாட்டான். அப்பாதான் பக்குவமாகக் கேட்க வேண்டும். பெரிய தாக்குதலுக்கு அது முன்னறிவிப்பாக இருக்கலாம்.

மனச்சோர்வுக்குத் தரும் டிரஸடோன், மனநோய்க்கான குளோர்புரோமஸின், ஆண்மைக் குறைவுக்குப் போடும் ஊசிகள், ரத்தப் புற்றுநோய் ஆகியவையும் காரணமாகலாம். கொங்கணத்தில் தேள் கொட்டிய சிறுவனுக்கு விறைப்பு வந்தால், விஷம் உடலெங்கும் வேலை செய்கிறது என்று அர்த்தம். அங்கே மருந்து விஷத்தின் விளைவுக்கு. பிரசோசின் மாத்திரையால் அப்படிப் பலரைக் காப்பாற்றிய மஹாட் டாக்டர் ஹிம்மத்ராவ் பவஸ்கருக்கு 2022-ல் பத்மஸ்ரீ கிடைத்தது.

ஆஸ்பத்திரியில் மரத்துப்போக ஊசி போட்டு, தேங்கிய கறுப்பு ரத்தத்தை உறிஞ்சி எடுப்பார்கள். பிறகு ரத்த அழுத்தத்தைப் பார்த்தபடி ஃபினைலெஃப்ரின் மருந்தைச் சிறிது சிறிதாகச் செலுத்துவார்கள். அடங்காவிட்டால் ஆபரேஷன். சிக்கிள் செல் பையனுக்கு வீட்டில் ஐஸ் வைக்காதீர்கள். குளிர் அடைப்பை அதிகமாக்கும். சைக்கிள் கம்பியில் அடிபட்டு வரும் வகையில் வலி அதிகமிராது, அவசரமும் குறைவு. ஆனால் எந்த வகை என்பதை டாக்டர்தான் சொல்ல வேண்டும்.

ஹிந்தியிலோ மராத்தியிலோ இதை எப்படிச் சொல்வது என்று கூசவேண்டாம். காஷுவால்டியில் "பிரியாபிஸம்" என்ற ஒரு சொல்லையும், எத்தனை மணி நேரமாக என்பதையும் சொன்னால் போதும். சாப்பிடுகிற மாத்திரைகளின் சீட்டையும் கையோடு எடுத்துப் போங்கள்.