டீசல் வண்டிக்குக் காற்று ஆகாது

எங்கள் வீட்டில் ஒரு பழைய மெட்டடார் வேன் இருக்கிறது. அந்த வண்டி இப்போ தயாரிப்பிலேயே இல்லை. அப்பா மெக்கானிக் இல்லை, காய்கறி ஏற்றுகிறவர். நடுவழியில் நின்றால் டவுனிலிருந்து மெக்கானிக் வருவதற்குள் கத்தரிக்காய் வாடிப்போகும். அதனால் அவரே பழகிக்கொண்டார். கூடவே நானும். "பொம்பளப் புள்ளைக்கு எதுக்கு ஸ்பானர்?" என்று கேட்ட பாட்டிதான் இப்போ டார்ச் பிடிக்கிறாங்க!

டீசல் என்ஜினில் தீப்பொறிக்கு பிளக் கிடையாது. சிலிண்டருக்குள் காற்றை ஏறக்குறைய 20-ல் ஒரு பங்காக அழுத்தினால் பயங்கரமாகச் சூடாகும். அதில் டீசலைப் பீச்சினதும் தானே தீப்பிடிக்கும். பீச்சுவதற்கு, பம்ப் டீசலை மிக அதிக அழுத்தத்தில் தள்ள வேண்டும். டேங்க் காலியானால் குழாயில் காற்று புகுந்துவிடும். இதுதான் 'ஏர் லாக்'. பிறகு டீசல் ஊற்றினாலும் ஸ்டார்ட் ஆகாது. ஏன்? ஊசி இல்லாத சிரிஞ்சில் தண்ணீர் நிரப்பி, முனையை விரலால் அடைத்து அழுத்திப் பாருங்கள். நகராது. காற்றை அடைத்து அழுத்துங்கள், அமுங்கும். பம்ப் தள்ளுவதெல்லாம் அந்தக் காற்றை அமுக்குவதிலேயே போய்விடும்.

ஃபில்டர் மேலே உள்ள ஏர் ஸ்க்ரூவைக் கொஞ்சம் தளர்த்தி, கைப்பம்பை அடிக்கணும். முதலில் நுரை நுரையாக வரும். நுரை நின்று சுத்தமான டீசல் வரும்போதே, அடிப்பதை நிறுத்தாமல் ஸ்க்ரூவை முறுக்கிடணும். நிறுத்திட்டு முறுக்கினால் காற்று திரும்ப உள்ளே போயிடும். அதனால் அப்பா பம்ப் அடிப்பார், நான் முறுக்குவேன்.

ஸ்டார்ட்டரை 10 விநாடிக்கு மேல் பிடிக்காமல், விட்டு விட்டுத்தான் அடிக்கணும். பேட்டரி இறங்கிவிட்டால் தள்ளுவதற்கு ஆள் தேடணும். மெட்டடார் ஒன்றும் சைக்கிள் இல்லை!