ஒரு கிலோமீட்டருக்குள் ஒரு பள்ளிக்கூடம்!

நம் ஊரில் பிள்ளையைப் பள்ளியில் சேர்க்கப் போகிறோம் என்றால் முதலில் காதில் விழுகிற கேள்வி, "ஃபீஸ் எவ்வளவு?" என்பதுதான். சிங்கப்பூரில் அந்தக் கேள்விக்கு அதிகம் வேலை இல்லை. இந்நாட்டுக் குடிமக்களின் பிள்ளைகளுக்குத் தொடக்கப்பள்ளியில் பள்ளிக் கட்டணமே கிடையாது. இதர கட்டணம் என்று மாதம் 13 வெள்ளிக்கு மேல் போகாது. பேர்பெற்ற பள்ளியானாலும் சரி, பேர் இல்லாத பள்ளியானாலும் சரி, அரசாங்கப் பள்ளி, அரசு உதவி பெறும் பள்ளி எல்லாவற்றுக்கும் இதே கணக்குதான். இங்கே தாய்மார் ஒருவரை ஒருவர் கேட்டுக்கொள்வது வேறு கேள்வி: "உங்க வீடு ஒரு கிலோமீட்டருக்குள்ளே வருதா?"

கல்யாணமாகி நான் இந்த ஊருக்கு வந்து 22 வருஷமாகிறது. என் பிள்ளைகள் இருவரும் தொடக்கப்பள்ளியைத் தாண்டிவிட்டார்கள். ஆனாலும் நாத்தனார், அவள் சிநேகிதிகள், எங்கள் புளோக்கில் இருக்கும் சின்ன வயசு அம்மாக்கள் என்று யாராவது ஒருவர் வருஷா வருஷம் இந்தக் கிலோமீட்டர் கவலையோடு என் வீட்டுச் சமையலறையில் வந்து உட்கார்ந்துவிடுவார்கள். காப்பி போட்டுக் கொடுத்தே எனக்கு விதிமுறையெல்லாம் மனப்பாடம்!

விஷயம் இதுதான். தொடக்கநிலை ஒன்றுக்கான பதிவு கட்டம் கட்டமாக நடக்கும். முதல் கட்டம், அண்ணனோ அக்காவோ ஏற்கெனவே அந்தப் பள்ளியில் படிக்கிற பிள்ளைகளுக்கு. அடுத்து, பெற்றோர் அந்தப் பள்ளியின் பழைய மாணவர்களாக இருந்தால். அதற்கடுத்தது, பள்ளிக்குக் குறைந்தது 40 மணி நேரம் தொண்டு செய்த பெற்றோர் முதலானவர்களுக்கு. இந்த ஒட்டுறவு எதுவுமில்லாத நம்மைப் போன்றவர்களுக்கு '2சி' என்கிற கட்டம். இடத்தைவிட மனு அதிகமாகிவிட்டால் வீடு இருக்கும் தூரத்தைப் பார்ப்பார்கள். குடிமக்களில் ஒரு கிலோமீட்டருக்குள் இருப்பவர்கள் முதலில், ஒன்றிலிருந்து இரண்டு கிலோமீட்டருக்குள் இருப்பவர்கள் பிறகு, அதற்கும் அப்பால் உள்ளவர்கள் கடைசியில். நிரந்தரவாசிகள் அதற்கும் பின்னால். எந்த வட்டத்தில் இடம் போதாமல் போகிறதோ, அந்த வட்டத்துக்குள் குலுக்கல்.

நம் தமிழ்நாட்டிலும் 2009-ம் வருஷத்துக் கல்வி உரிமைச் சட்டப்படி தனியார் பள்ளிகளில் 25 சதவீத இடத்துக்கு இதே ஒரு கிலோமீட்டர் கணக்கு வந்தது உங்களில் பலருக்குத் தெரிந்திருக்கும். அங்கே ஏழைப் பிள்ளைக்குக் கதவு திறக்க அந்தக் கணக்கு. இங்கே எல்லாருக்குமே அதுதான் கணக்கு.

என் நாத்தனார் மகள் 2016-ல் பிறந்தவள். 2023-ல் அவள் பள்ளிக்குப் போகவேண்டும். பதிவு 2022-ன் நடுவில். நாத்தனார் படித்த பள்ளி தீவின் மறுகோடியில் இருக்கிறது. அவள் வீட்டுக்காரர் படித்தது நம் ஊரில். ஆகவே பழைய மாணவர் என்கிற சலுகைக்கு வழியில்லை. பேர்பெற்ற ஒரு பள்ளி அவர்கள் வீட்டிலிருந்து ஒரு கிலோமீட்டருக்குக் கொஞ்சம் கூடுதலான தூரத்தில் இருந்தது. அந்தக் 'கொஞ்சம் கூடுதல்' அவளை இரண்டு வருஷம் தூங்கவிடவில்லை.

அந்தச் சமயத்தில்தான் அளக்கிற முறையே மாறியது. அதுவரை பள்ளிக்கு உள்ளே ஒரு குறிப்பிட்ட இடத்தை வைத்துக்கொண்டு, அதிலிருந்து வீடுவரை நூல் பிடித்தாற்போல் நேர்கோட்டில் அளந்து வந்தார்கள். 2022-ம் வருஷப் பதிவிலிருந்து பள்ளி நிலத்தின் எல்லையிலிருந்தே அளக்கலானார்கள். பள்ளி வளாகம் பெரிசாக இருந்தால் இந்த வித்தியாசம் சாமானியமில்லை. அரசாங்கத்தின் இணைய வரைபடத்தில் விலாசத்தைப் போட்டுப் பார்த்தாள். வீடு நகரவில்லை, பள்ளியும் நகரவில்லை, ஆனால் ஒரு கிலோமீட்டருக்குள் வந்துவிட்டாள்! அதோடு, 2சி கட்டத்துக்கென்று ஒவ்வொரு பள்ளியிலும் ஒதுக்கி வைத்த இடத்தையும் அந்த வருஷத்திலிருந்து 20-லிருந்து 40 ஆக்கினார்கள். "அண்ணி, கடவுள் கண்ணைத் திறந்துட்டார்" என்று எனக்குப் போன் பண்ணினாள்.

எனக்கு மனசுக்குள் ஒரு சந்தேகம். எல்லை இவளுக்கு மட்டுமா நகர்ந்தது? அக்கம்பக்கத்து நாலு புளோக்குக்கும் சேர்த்துத்தானே நகர்ந்தது? பந்தியில் இலை கூடினாலும் உட்காருகிறவர்களும் கூடினால் கணக்கு என்ன ஆகும்? வாயைத் திறக்கவில்லை. சந்தோஷமாக இருக்கிறவளிடம் போய் அபசகுனமாகப் பேசுவானேன்!

அவள் வீட்டுக்காரர் வேறொரு திசையில் யோசித்துக்கொண்டிருந்தார். இருக்கிற வீவக வீட்டை விற்றுவிட்டு, பள்ளி வாசலை ஒட்டியே ஒரு வீடு வாங்கிவிடலாமாம். குலுக்கல் என்று வந்துவிட்டால் பள்ளி வாசலில் இருப்பவரும் ஒரு கிலோமீட்டர் விளிம்பில் இருப்பவரும் ஒன்றுதானே, பக்கத்தில் போவதால் என்ன லாபம் என்று என் வீட்டுக்காரர் கேட்ட பிறகுதான் அந்தப் பேச்சு அடங்கியது. இன்னொன்றும் உண்டு. தூரத்தைக் காட்டி இடம் வாங்கினால் அந்த விலாசத்தில் பதிவு தொடங்கியதிலிருந்து குறைந்தது 30 மாதமாவது குடியிருக்க வேண்டும் என்பது சட்டம். பொய் விலாசம் கொடுத்தது தெரிந்தால் பிள்ளையை வேறு பள்ளிக்கு மாற்றிவிடுவார்கள், போலீஸ்வரைக்கும் போகும். சொந்தக்காரர் விலாசத்தைக் கொடுத்தால் என்ன என்று யாராவது யோசனை சொன்னால், தயவுசெய்து காதில் வாங்காதீர்கள்.

பள்ளியை நம்பி வீடு வாங்குவதில் இருக்கிற மற்றொரு சங்கடம், பள்ளியே இடம் பெயர்ந்துவிடுவது. பார்க்கர் ரோட்டில் இருக்கும் ஆங்கிலோ-சைனீஸ் தொடக்கப்பள்ளி 2030-ல் தெங்கா என்கிற புது நகரத்துக்குப் போகும், ஆண் பெண் இருபாலரும் படிக்கும் பள்ளியாகும் என்று 2023-ல் அறிவித்தார்கள். பள்ளி போனால் அதன் வட்டமும் கூடவே போய்விடும். போதாததற்கு, பிள்ளைகள் குறைந்துகொண்டே வருவதால் பள்ளிகளை இணைக்கவும் செய்கிறார்கள். 2019-ல் மட்டும் 14 தொடக்கப்பள்ளிகள் ஜோடி ஜோடியாக இணைந்து 7 ஆயின.

சரி, வீட்டுக்குப் பின்னாலேயே ஒரு பள்ளி இருக்கிறதே, அங்கே போட்டால் என்ன? இதைக் கேட்டதற்கு நாத்தனார் முகம் போன போக்கைப் பார்க்கவேண்டும். "அந்த ஸ்கூலா அண்ணி? அங்கே பிள்ளைங்க கெட்ட வார்த்தை பேசுதாம். டீச்சருங்க நிக்கவே மாட்டேங்கிறாங்களாம். பெரிய பரீட்சையில மார்க்கே வராதாம்."

கவனித்தீர்களா? எல்லாமே 'ஆம்' போட்ட செய்திகள்! பேசுதாம், நிக்கலையாம், வராதாம். யார் பார்த்தது, எந்த வருஷம் பார்த்தது என்று கேட்டால் பதில் கிடையாது. டியூஷன் வாசலில் காத்திருக்கும்போது ஒருத்தி சொன்னாள், அவளுக்கு அவள் ஓரகத்தி சொன்னாள். என் பெரியவன் அந்தப் பள்ளியில்தான் ஆறு வருஷம் படித்தான், இப்போது பாலிடெக்னிக்கில் படிக்கிறான். இதைச் சொன்னால், "அது அப்போ, இப்போ கெட்டுப்போச்சு" என்று ஒரே போடு.

பள்ளிகளை மதிப்பெண் வாரியாகத் தரம் பிரிப்பதைக் கல்வி அமைச்சு 2012-லேயே நிறுத்திவிட்டது. "ஒவ்வொரு பள்ளியும் நல்ல பள்ளி" என்று அப்போது கல்வி அமைச்சராக இருந்த ஹெங் சுவீ கியெட் சொன்னதும் அந்தக் காலத்தில்தான். ஆறாம் வகுப்பில் எழுதுகிற பெரிய பரீட்சையில் முதலாவதாக வந்த பிள்ளையின் பெயரை வெளியிடுவதையும் அப்போதே நிறுத்தினார்கள். 2021-ல் மொத்த மதிப்பெண் போய் அடைவுநிலை என்று எட்டுப் படிகள் வந்தன. ஆசிரியர்கள் அமைச்சின் ஆட்கள். பாடத்திட்டம் ஒன்று. தலைமையாசிரியர்களையும் சில வருஷத்துக்கொரு தரம் பள்ளி மாற்றுகிறார்கள். முதல் இரண்டு வகுப்பில் 30 பிள்ளைக்கு மேல் வைப்பதில்லை, அதுவும் எல்லாப் பள்ளியிலும்தான்.

பட்டியல் நின்றுபோனதும் ஜனங்கள் தாங்களே ஒரு பட்டியல் போட்டுக்கொண்டார்கள். எந்தப் பள்ளியில் குலுக்கல் நடக்கிறதோ அது நல்ல பள்ளி, எதில் இடம் காலியாக இருக்கிறதோ அது கெட்ட பள்ளி! என் அபிப்பிராயத்தைச் சொன்னால் கோபித்துக்கொள்ளாதீர்கள். பின்னால் இருக்கும் பள்ளிக்குக் கெட்ட பேர் வந்ததற்கு அசல் காரணம், அதன் எதிரில் இருக்கிற வாடகை வீட்டு புளோக்குகள்தான். இல்லாதப்பட்ட வீட்டுப் பிள்ளைகளோடு நம் பிள்ளை உட்காரவேண்டாம் என்பதை யாரும் வாய்விட்டுச் சொல்வதில்லை. "சூழ்நிலை சரியில்லை" என்று நாசூக்காகச் சொல்கிறோம்.

நம் தமிழர்களுக்கு இதில் இன்னொரு முடிச்சும் உண்டு. நாத்தனார் வீட்டுக்காரர் முதலில் கண்வைத்தது வேறொரு பள்ளியை. வாசலில் வண்டிகள் வரிசை பிடிக்கிற பள்ளி. விசாரித்தால் அது சிறப்பு உதவித் திட்டப் பள்ளி. 1979-ல் தொடங்கிய திட்டம் அது. அந்தப் பள்ளிகளில் தாய்மொழிப் பாடம் சீனம் மட்டும்தான். பிள்ளையைச் சீனம் படிக்கவைக்கச் சம்மதம் என்றால் போடலாம். "சீனம் தெரிந்தால் நாளைக்கு வேலைக்கு நல்லதுதானே" என்று அவர் இழுத்தார். அதுவரை பேசாமல் வெற்றிலை மடித்துக்கொண்டிருந்த என் மாமியார், "பேத்தி நாளைக்கு எனக்கு எந்தப் பாஷையில கடுதாசி எழுதும்?" என்றார். இத்தனைக்கும் அவர் அதே வீட்டில்தான் இருக்கிறார், கடுதாசிக்கு அவசியமே இல்லை! ஆனாலும் அத்தோடு அந்தப் பள்ளிப் பேச்சு முடிந்தது.

உயர்நிலையில் என்றால் பள்ளியில் தமிழ் இல்லாவிட்டாலும் பீட்டி ரோட்டில் இருக்கும் உமறுப் புலவர் தமிழ் மொழி நிலையத்துக்குப் போய்ப் படிக்கலாம். இங்கே தமிழிலேயே எல்லாப் பாடமும் நடத்திய உமறுப் புலவர் உயர்நிலைப்பள்ளி 1982-ல் மூடப்பட்டது, அந்தப் பெயர்தான் இன்றைக்கும் நிலையத்துக்கு இருக்கிறது. ஆனால் ஏழு வயசுப் பிள்ளைக்குத் தமிழ் அதே பள்ளியில் கிடைத்தாக வேண்டும். ஆகவே பள்ளி பார்க்கப் போகிற தமிழ்த் தாய்மாருக்கு நான் சொல்வது, தமிழ் இருக்கிறதா என்று மட்டும் கேட்காதீர்கள். ஒரு வகுப்பு நிலையில் எத்தனை தமிழ்ப் பிள்ளைகள், ஆசிரியர் எத்தனை பேர் என்றும் கேளுங்கள்.

திறந்த இல்லம் நடத்துகிற நாளில் மட்டும் போய்ப் பார்த்தால் போதாது. அன்றைக்கு எல்லாப் பள்ளியும் கல்யாண வீடு மாதிரித்தான் இருக்கும். ஒரு சாதாரண நாளில் பள்ளி விடுகிற நேரத்துக்கு வாசலில் போய் நின்று பாருங்கள். பெரிய பிள்ளைகள் சின்னதுகளை இடித்துத் தள்ளிக்கொண்டு வருகிறார்களா, வாசல் காவலாளி பெயர் சொல்லிக் கூப்பிடுகிறாரா, ஆசிரியர் யாராவது கூட நிற்கிறார்களா? அரை மணியில் தெரிந்துவிடும். பள்ளி விட்ட பிறகு பிள்ளையைப் பார்த்துக்கொள்ளும் நிலையம் பள்ளிக்குள்ளேயே இருக்கிறதா என்பதும் வேலைக்குப் போகிற அம்மாவுக்கு முக்கியம்.

குலுக்கல் நடந்தது. நான் பயந்த மாதிரியே ஒரு கிலோமீட்டருக்குள் இருந்தவர்களே இடத்தைவிட அதிகம். நாத்தனார் மகளுக்கு விழவில்லை. இரண்டு நாள் அவள் சரியாகச் சாப்பிடவில்லை. "மாறாமலே இருந்திருந்தா ஆசையே வந்திருக்காதே அண்ணி" என்று அழுதாள். பாவம், அதிலும் ஒரு நியாயம் இருக்கத்தான் செய்தது. அடுத்தது துணைக் கட்டம், அதில் இடம் மிச்சமிருக்கும் பள்ளிகளுக்குத்தான் மனுப்போட முடியும். பின்னால் இருந்த பள்ளியில் இடம் இருந்தது. அதுவும் நிறைந்திருந்தால் எங்கேயோ தள்ளிப் போயிருக்க வேண்டும், தினமும் விடிவதற்கு முன் பிள்ளையை எழுப்பிப் பள்ளிப் பேருந்தில் ஏற்றியிருக்க வேண்டும். அந்த ஒரு வாரம் வீட்டில் அத்தனை பேரும் அந்தக் 'கெட்ட பேர்' பள்ளியில் இடம் கிடைக்கவேண்டும் என்று சாமி கும்பிட்டதை நினைத்தால் எனக்கு இப்பவும் சிரிப்பு வரும்.

அங்கேதான் அவள் படித்து வருகிறாள். எல்லாம் சுபம் என்று கதை விடமாட்டேன். ஒரு வருஷம் நடுவில் தமிழ் ஆசிரியர் மாறிப்போய், இரண்டு வகுப்பை ஒன்றாக உட்காரவைத்தார்கள். ஒரு கெட்ட வார்த்தையும் வீட்டுக்கு வந்தது, பாட்டி அர்த்தம் கேட்க, எல்லாரும் திருதிருவென்று விழித்தோம்! கணக்கு இன்னும் தகராறுதான். ஆனால் ஐந்து நிமிஷ நடையில் பள்ளி. மத்தியானம் வந்து சுடுசோறு சாப்பிடுகிறாள். எதிர் புளோக்கில் இருக்கிற மலாய்க்காரப் பெண் அவளுக்கு உயிர்த்தோழி, நோன்புப் பெருநாளுக்கு அந்த வீட்டிலிருந்து பலகாரம் வரும், தீபாவளிக்கு எங்கள் முறுக்கு போகும்.

இப்போது இளையவன் முறை வரப்போகிறது. அக்கா படிக்கிற பள்ளி என்பதால் முதல் கட்டத்திலேயே அவனுக்கு இடம் நிச்சயம். ஆனால் நாத்தனார் வீட்டுக்காரர், பையனுக்காவது அந்தப் பேர்பெற்ற பள்ளியில் 40 மணி நேரத் தொண்டு செய்து பார்க்கலாமே என்று மனுவை எடுத்து வந்து வைத்திருக்கிறார். நாத்தனார் அதை ஃபிரிட்ஜ்மேல் வைத்துவிட்டு, "அண்ணி, ரெண்டு பிள்ளையும் ரெண்டு பக்கம் போனா காலையில யாரை யார் கொண்டுபோய் விடுறது?" என்று என்னைக் கேட்கிறாள். அதை அவரிடமே கேள் என்று சொல்லியிருக்கிறேன்.