மாறும் அலையும் மாறாத் திறனும்

நுழையும்முன்

செய்ததையே திரும்பத் திரும்பச் செய்வதுதான் பயிற்சி என்று நாம் கருதுகிறோம். ஆனால், எத்தனை முறை செய்தோம் என்பதைப் போலவே எவ்வாறு செய்தோம் என்பதும் திறனின் உறுதியைத் தீர்மானிக்கிறது. பயிற்சியின் வகை மாறும்போது அதனைப் பதித்துக்கொள்ளும் மூளைப்பகுதியும் மாறுகிறது என்பதை இக்கட்டுரை விளக்குகிறது.

கடலும் கல்லும் கற்பிப்பவை

செங்கல்பட்டு மாவட்டத்தில் கூடுவாஞ்சேரிக்குக் கிழக்கே, வங்கக் கடலோரத்தில் அமைந்த மீனவர் ஊர் கோவளம். அதற்குத் தெற்கே மாமல்லபுரம் உள்ளது. இக்கரைகளில் இளைஞர் பலர் அலைச்சறுக்கு பழகுகின்றனர். 2025 ஆகஸ்டில் ஆசிய அலைச்சறுக்குப் போட்டிகள் மாமல்லபுரத்தில் நடைபெற்றன.

அலைச்சறுக்கு பழகுவோர்க்கு ஓர் இடர்ப்பாடு உண்டு. ஒரே அலை இருமுறை வருவதில்லை. அதன் உயரம், விரைவு, உடையும் இடம் ஆகிய யாவும் மாறிக்கொண்டே இருக்கும். பலகையின்மேல் எழ வேண்டிய கணத்தையும் உடலைச் சாய்க்க வேண்டிய அளவையும் ஒவ்வொரு முறையும் புதிதாகக் கணித்தாக வேண்டும்.

மாமல்லபுரத்துச் சிற்பிகளின் நிலையும் இத்தகையதே. இவ்வூரின் கற்சிற்பங்கள் 2017இல் புவிசார் குறியீடு பெற்றன. 1957இல் பயிற்சி நிலையமாகத் தொடங்கப்பட்ட அரசு கட்டடக்கலை மற்றும் சிற்பக்கலைக் கல்லூரி இங்கு இயங்குகிறது. பாறையைப் பிளக்கும் அடி வேறு. இதழோரத்தைச் செதுக்கும் அடி வேறு. கல்லின் கடினமும் உளியின் முனையும் மாறும்போது, கையின் விசையும் கோணமும் உடன் மாற வேண்டும். கல்லைத் தட்டி எழும் ஓசையைக் கேட்டே அதன் தன்மையை அறிவது சிற்பியர் மரபு.

ஆய்வுகள் காட்டும் உண்மை

இவ்வாறு மாறிக்கொண்டே இருக்கும் சூழல் கற்றலுக்குத் தடையா, துணையா? 1978இல் கெர், பூத் என்னும் இருவர் எட்டு வயதுச் சிறுவர்களைக் கொண்டு இதனை ஆராய்ந்தனர். ஒரு குழுவினர் மூன்றடித் தொலைவிலிருந்த இலக்கை நோக்கியே சிறு பைகளை எறிந்து பழகினர். மற்றொரு குழுவினர் இரண்டடியிலும் நான்கடியிலும் இருந்த இலக்குகளை நோக்கி எறிந்தனர். இறுதித் தேர்வு மூன்றடித் தொலைவில் நடந்தது. அத்தொலைவில் ஒருமுறையும் பழகாத இரண்டாம் குழுவினரே சிறந்து விளங்கினர்.

அடுத்த ஆண்டில் ஷியா, மார்கன் ஆகியோர் மூன்று வகைக் கையசைவுகளைக் கற்பித்தனர். ஒவ்வொன்றையும் தனித்தனியே முடித்துப் பழகியவர்கள் பயிற்சியின்போது விரைந்து முன்னேறினர். மூன்றையும் கலந்து பழகியவர்கள் தடுமாறினர். பத்து நாள் கழித்துச் சோதித்தபோது நிலை தலைகீழானது. கலந்து பழகியவர்களே மிகுதியாக நினைவில் வைத்திருந்தனர்.

மூளையில் நிகழ்வது

பெருமூளையில் உடலசைவுகளுக்குக் கட்டளையிடும் பகுதி இயக்கப் புறணி எனப்படும். நெற்றிக்குப் பின்னால் அமைந்த முன்நுதல் புறணி திட்டமிடுதல், ஒப்பிடுதல், தேர்ந்தெடுத்தல் ஆகியவற்றுக்குத் துணைபுரிவது. எண்ணிய அசைவுக்கும் நிகழ்ந்த அசைவுக்கும் உள்ள வேறுபாட்டைத் திருத்துவதில் சிறுமூளைக்குப் பெரும்பங்கு உண்டு.

2010இல் அமெரிக்காவில் காந்தக் என்பவரும் அவருடைய குழுவினரும் ஓர் ஆய்வை வெளியிட்டனர். பயிற்சி முடிந்தவுடன், தலைக்கு வெளியிலிருந்து செலுத்தும் காந்தத் துடிப்புகளால் குறிப்பிட்ட மூளைப்பகுதியின் செயலைச் சிறிது நேரம் குலைத்தனர். ஒரே அசைவைப் பழகியவர்களுக்கு இயக்கப் புறணியைக் குலைத்தபோது மறுநாள் நினைவு குன்றியது. பல்வேறு அசைவுகளைப் பழகியவர்களுக்கோ முன்நுதல் புறணியைக் குலைத்தபோதே அக்குறை ஏற்பட்டது. மாறுபட்ட பயிற்சி, திட்டமிடும் பகுதியையும் நினைவைப் பதிக்கும் பணியில் ஈடுபடுத்துகிறது என்பது இதனால் விளங்குகிறது.

இதற்குரிய காரணத்தையும் எளிதில் உணரலாம். ஒரே செயலை அடுத்தடுத்துச் செய்யும்போது, முன்னர் வகுத்த திட்டத்தையே மூளை மறுபடியும் பயன்படுத்திக்கொள்கிறது. செயல் மாறும்போது அதனைக் கைவிட்டுப் புதிய திட்டம் வகுக்க நேர்கிறது. அம்முயற்சியே நினைவை ஆழப்படுத்துகிறது. அதனோடு, விசைக்கும் தொலைவுக்கும் உள்ள பொதுவான தொடர்பையும் மூளை கற்றுக்கொள்கிறது.

தடுமாற்றம் தோல்வியன்று

பயிற்சியின்போது தோன்றும் தேர்ச்சியை உண்மையான கற்றல் எனக் கொள்வது பெரும்பிழை. பள்ளித் திடலில் ஓரிடத்தில் நின்றே கூடைக்குள் பந்தெறியும் மாணவி பத்துக்கு எட்டு எறியக்கூடும். இடம் மாற்றி எறிபவள் நான்கோடு நின்றுவிடக்கூடும். அன்றைய கணக்கை மட்டும் கண்டு, “இவளுக்கு விளையாட்டு வாராது” என்று ஆசிரியர் தீர்ப்பளித்தாலோ, அவளே மனந்தளர்ந்து விலகினாலோ, உறுதியாக வேரூன்றிவந்த ஒரு திறன் முளையிலேயே கிள்ளப்பட்டுவிடும்.

ஆயினும், மாற்றம் அளவறிந்து அமைய வேண்டும். உளி பிடிக்கவே அறியாதவர் கையில் ஒரே நாளில் பலவகை உளிகளைக் கொடுத்தால் குழப்பமே மிஞ்சும். அடிப்படை அசைவு ஓரளவு கைவந்த பின்னரே தொலைவு, விரைவு, வரிசை ஆகியவற்றைச் சிறிது சிறிதாக மாற்றுதல் நன்று.

ஆகவே, ஒருவர் கற்றதை அளக்க வேண்டிய நாள் பயிற்சி நாளன்று. சில நாள் கழிந்து, சூழல் மாறிய நாளே. அதுவரை, தடுமாறுபவரைத் தகுதியற்றவர் என ஒதுக்காமல் காத்திருப்பது கற்பிப்போர் கடமை. தளராமல் தொடர்வது கற்போர் கடமை.