குறுஞ்செய்தி ஏன் இரண்டு முறை வந்தது?

மாணவர்களே, இணையத்தில் ஒரு பொருளை ஒரே முறைதான் வாங்கினீர்கள். ஆனால், ‘பணம் செலுத்தப்பட்டது’ என்ற குறுஞ்செய்தி இரண்டு முறை வருகிறது. அம்மா பதறுகிறார். கணக்கைப் பார்த்தால் பணம் ஒருமுறைதான் கழிந்திருக்கிறது. தவறு எங்கே?

பெரிய இணையச் சேவைகளில் ஒரு கணினி செய்திகளை வரிசையாக எழுதி வைக்கும். இன்னொன்று தன் வேகத்தில் எடுத்துப் படிக்கும். இதற்கான மென்பொருள்களில் பெயர்பெற்றது காஃப்கா. லிங்க்ட்இன் நிறுவனத்தில் உருவாகி, 2011ஆம் ஆண்டில் பொதுப் பயன்பாட்டுக்கு வந்தது. (ஆம், எழுத்தாளர் ஃபிரான்ஸ் காஃப்காவின் பெயர்தான்!)

இந்த வரிசை பல பகுதிகளாகப் பல கணினிகளில் இருக்கும். ஒவ்வொரு பகுதியிலும் செய்திகளுக்கு 0 முதல் எண் உண்டு. அந்த எண்ணே ஆஃப்செட். படித்த செய்தி உடனே அழிவதில்லை. மாற்றி அமைக்காவிட்டால் 7 நாள் அங்கேயே இருக்கும். ஆகவே எதுவரை படித்தோம் என்பதைப் படிக்கும் நிரல்தான் குறித்து வைக்க வேண்டும்.

நான் 40 பயிற்சி நூல்களைத் திருத்தும்போது, முடித்த இடத்தில் ஒரு தாளைச் செருகி வைப்பேன். ஒருமுறை 25ஆவது நூலைத் திருத்தும் முன்பே தாளைச் செருகிவிட்டு எழுந்துபோனேன். திரும்பி வந்து 26இல் தொடங்கினேன். அந்த மாணவருக்கு மதிப்பெண்ணே இல்லை! திருத்திய பிறகு, தாளைச் செருக மறந்து எழுந்திருந்தால்? அதே நூலை மறுபடியும் திருத்தியிருப்பேன்.

காஃப்காவிலும் இதே கதைதான். தானாகக் குறிக்கும் முறையில் இடைவெளி பொதுவாக 5 விநாடி. நான்காவது விநாடியில் நிரல் நின்றுபோனால், கடைசிக் குறிப்புக்குப் பின் முடித்த வேலைகள் மீண்டும் நடக்கும். இரண்டாவது குறுஞ்செய்தி இப்படியும் வரலாம்.

கோளாற்றைத் தேடுபவர் முதலில் இரண்டு எண்களைப் பார்ப்பார். வரிசையின் முனை 1,500, குறித்த எண் 1,200 என்றால் நிரல் 300 செய்திகள் பின்தங்கியுள்ளது. இடைவெளி கூடிக்கொண்டே போனால் நிரல் திணறுகிறது. வேலை நடந்தும் குறித்த எண் நகராவிட்டால் குறிப்பு பதிவாகவில்லை. நிரலை மறுபடி தொடங்கினால் பழையவை எல்லாம் திரும்ப வரும். மிக மோசமானது வேறு: நிரல் பல நாள் நின்றுகிடந்து, குறித்த இடத்துச் செய்தியே அழிந்துவிட்டால், காஃப்கா வழக்கமாக வரிசையின் முனைக்குத் தாவிவிடும். இடையில் படிக்காமல் காத்திருப்பவையும் தவறிவிடும். பிழைச்செய்தி வராததால் பலநாள் யாரும் கவனிப்பதில்லை.

இழப்பதைவிட இரண்டு முறை வருவது மேல் என்பதால், பலரும் வேலையை முடித்த பிறகே குறிக்கிறார்கள். கூடவே, ஒவ்வொரு பரிவர்த்தனைக்கும் தனி எண் கொடுத்து, அந்த எண் ஏற்கெனவே முடிந்ததா என்று சரிபார்க்கிறார்கள். அம்மாவின் கைப்பேசியில் வந்த இரண்டு குறுஞ்செய்திகளிலும் அந்த எண் ஒன்றுதானா என்று பாருங்கள்.